லயத்துக்கு ஒரு தகரக் கூரை: மாதிரி ரயில் பலகைக்கு வாங்குவதா, வெட்டுவதா, அச்சிடுவதா?

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான பழைய லயத்தின் சுவரை நாடாவால் அளந்துகொண்டிருந்தேன். ஒரு காம்பராவின், அதாவது வரிசையில் ஒரு அறையின், முகப்பு பத்தடி, ஆழம் பன்னிரண்டடி என்று குறித்துக்கொள்ளும்போது இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அம்மாயி கேட்டார்: "அளக்கிறீர்களே தம்பி, வீடு கட்டித் தரப்போகிறார்களா?" பொம்மை லயம் செய்வதற்கு அளக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதிலாவது ஒழுகாத கூரையாகப் போடுங்கள்" என்றார்.

அந்தக் கூரைதான் என்னை ஓராண்டு அலைக்கழித்தது. சின்ன ரயில் ஓடும் ஊரைப் பலகைமேல் கட்டும் மாதிரி ரயில்காரர்களுக்கு உலகில் எத்தனையோ கம்பனிகள் வீடு, கடை, தேவாலயம், நிலக்கரிக் கொட்டில் என்று அச்சு அசலாகச் செய்து விற்கின்றன. லயம் விற்பதற்கு யாருமில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம் இல்லை. நம் ஆட்கள் "ஸ்டோர்" என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையும் நான் பார்த்த எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. ஆகவே மலைநாட்டைப் பலகையில் கொண்டுவர நினைப்பவர் ஏதோ ஒரு கட்டத்தில் கத்தியைக் கையில் எடுத்தே ஆகவேண்டும். எங்கே எடுப்பது, எங்கே காசு கொடுத்து வாங்கிவிடுவது, எங்கே இயந்திரத்திடம் விட்டுவிடுவது என்பதுதான் கேள்வி. துண்டுகளாக வாங்கி ஒட்டும் கிட், அட்டை, பிளாஸ்டிக் தகடு, இயந்திரம் என்று நான்கு வழிகளிலும் நான் கொஞ்சம் கொஞ்சம் போய்ப் பார்த்தவன். சிலவற்றிலிருந்து கையைச் சுட்டுக்கொண்டு திரும்பியவன்.

முதலில் அளவு

கட்டடம் எதால் செய்வது என்று யோசிப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த அளவில் கட்டுவது? இதில் தவறினால் பின்னால் எதைச் செய்தாலும் ஒட்டாது.

என்னிடம் இருப்பது நான்கடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை, அதாவது 1,220 மி.மீ.க்கு 610 மி.மீ. கட்டிலுக்கு அடியில் அவ்வளவுதான் போகும். பிரித்தானியாவில் பெரும்பாலானோர் கையாளும் ஓஓ (OO) அளவு நிஜத்தில் 76.2இல் ஒரு பங்கு. ஒரு அடி 4 மி.மீ. ஆகிவிடும். கணக்குப் போட இதைவிடச் சுலபம் வேறில்லை. பத்தடிக் காம்பரா 40 மி.மீ., பன்னிரண்டடி ஆழம் 48 மி.மீ. மற்ற நாடுகளில் பரவலான எச்ஓ (HO) அளவு 87இல் ஒரு பங்கு. N என்ற சின்ன அளவு பெரும்பாலும் 160இல் ஒரு பங்கு. அதில் அதே காம்பரா 19 மி.மீ. முகப்புக்குச் சுருங்கிவிடும். பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட லயம் ஓஓவில் 480 மி.மீ. நீளம், N அளவில் சுமார் 230 மி.மீ.

இடத்தைப் பார்த்தால் N அளவுதான் வெல்ல வேண்டும். ஓஓவில் சாதாரணமாகக் கிடைக்கும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 438 மி.மீ. சுற்றி வர 876 மி.மீ. அகலம் வேண்டும், என் பலகை 610. ஆகவே ஓஓவில் ரயில் சுற்றாது. முன்னும் பின்னும் போய்ப் பெட்டியைக் கழற்றி மாட்டலாம், அவ்வளவுதான். N அளவில் 228 மி.மீ. ஆர வளைவு இருக்கிறது. வட்டம் அடித்து ஓடும்.

உண்மையான மலைநாட்டுப் பாதையின் கடுமையான வளைவுகள் ஐந்து சங்கிலி ஆரம் கொண்டவை, ஏறத்தாழ 100 மீற்றர். ஓஓவில் அது 1.32 மீற்றர் ஆரம். N அளவில்கூட 63 சென்ரிமீற்றர். நிஜத்தில் அவ்வளவு கொடூரமான வளைவென்று பேசப்படுவதே என் பலகையில் அடங்காது. ஏற்றம் மட்டும் நியாயமானது. 44க்கு 1 என்ற மலைநாட்டு ஏற்றத்தை எந்தப் பொம்மை எஞ்சினும் இரண்டு மூன்று பெட்டிகளுடன் ஏறிவிடும். ஆனால் தெமோதரை வளையத்தை ஓஓவில் கட்ட ஆசைப்படுகிறவர் இதையும் கணக்குப் பார்க்கட்டும். பாதையின் மேலே பாதை போக ஏறத்தாழ 70 மி.மீ. உயரம் வேண்டும். 44க்கு 1 என்றால் மூன்று மீற்றருக்கு மேல் ஏறிக்கொண்டே போகவேண்டும். வீட்டில் தனி அறை உள்ளவர்களின் கனவு அது.

இனித் தண்டவாள அகலம். நம் பிரதான பாதை அகலப்பாதை, 1,676 மி.மீ. கடையில் வாங்கும் ஓஓ தண்டவாளம் 16.5 மி.மீ.; 76.2ஆல் பெருக்கினால் 1,257தான் வருகிறது. கால் பங்கு குறைவு. பெரிய உடம்பை ஒல்லிக் கால்களில் நிறுத்தியது போலிருக்கும். 22 மி.மீ. அகலத்தில் சொந்தமாகத் தண்டவாளம் அமைத்து, சக்கரங்களையும் அகட்டிக்கொள்ளும் பொறுமைசாலிகள் உண்டு. அது என்னால் முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் பழைய பாதையொன்று நினைவுக்கு வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடிய உடப்புசல்லாவைக் குறும்பாதை. அகலம் இரண்டரை அடி, 762 மி.மீ. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டு, தேயிலை சுமந்து, 1948இல் மூடப்பட்டது. ஓஓ அளவுக் கட்டடங்களோடு 9 மி.மீ. தண்டவாளம் போடும் ஓஓ-9 முறையில் இந்தப் பாதை 686 மி.மீ. அகலமாகத் தெரியும். பத்தில் ஒரு பங்குதான் குறைவு, கண் கண்டுபிடிக்காது. எச்ஓவில் அதே 9 மி.மீ. தண்டவாளம் 784 மி.மீ. ஆகி இன்னும் நெருங்கும். N அளவு எஞ்சினின் சக்கரக்கூட்டை வாங்கி அதன்மேல் குறும்பாதை எஞ்சினின் உடம்பைச் செய்து ஏற்றலாம். வளைவும் சின்னதாகப் போடலாம். நான்கடிப் பலகையில் ரயில் சுற்றும். கட்டடமும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும்.

இதில் ஒரு விலை இருக்கிறது. காலம் 1940களுக்குப் போய்விடுகிறது. உடரட்ட மெனிக்கே விரைவு ரயில் கிடையாது, நீலப் பெட்டிகள் கிடையாது, லயத்துக் கூரையில் டிஷ் அன்டெனா வைக்க முடியாது. என் தங்கையின் மகன் பலகையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமா, நீலக் கோச்சி எங்கே?" என்பது. அந்தப் பிள்ளையின் கேள்விக்காக முடிவை மாற்றிக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு எச்ஓ நல்லது. காரணம் ஒன்றுதான். கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்து, ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சுமந்து ஓடிய எம்-2 டீசல் எஞ்சின்கள் ஜி-12 என்ற வகையைச் சேர்ந்தவை. அதே ஜி-12ஐப் பிரேசிலின் ஃப்ரடெஸ்கி எச்ஓவில் செய்கிறது. நம்முடைய பல எம்-2களுக்கு ஒரு பக்கத்தில் ஆறு சக்கரம், அந்த மாதிரிக்கு நான்கு. இது தெரிந்தே வாங்கி வண்ணம் மாற்றலாம். அல்லது சக்கரக்கூட்டை மாற்றும் வேலையில் இறங்கலாம். எஞ்சினைப் பொறுத்தவரை, கிடைக்கும் உடம்பை வாங்கி மாற்றுவதே புத்தி. மோட்டாரையும் பல்சக்கரத்தையும் வீட்டில் வெட்ட முடியாது.

ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், 1921இல் முடிந்த, இரும்பு சேர்க்காத கல், செங்கல், சீமெந்துப் பாலம். நீளம் ஏறத்தாழ 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். ஓஓவில் நீளம் 1.2 மீற்றர், உயரம் 32 சென்ரிமீற்றர். அதாவது என் பலகை முழுவதும் பாலம். பிறகு மரமும் மலையும் எங்கே வைப்பது? படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கிட் வாங்கி மாற்றுவது

பிரித்தானிய அட்டைக் கிட்களும் பிளாஸ்டிக் கிட்களும் நன்றாக இருக்கின்றன. மெட்கால்ஃப் செய்யும் அட்டைக் கிட்டைப் பெரும்பாலும் வெட்டத் தேவையில்லை. அழுத்தினால் துண்டு கழன்றுவிடும், வண்ணமும் அச்சாகியே வருகிறது. முதல்முறை செய்பவருக்கு இதைவிட உற்சாகம் தருவது வேறில்லை.

ஆனால் அவை பிரித்தானியக் கட்டடங்கள். "வரிசை வீடுகள்" என்று ஒரு கிட்டை எனக்கு ஒரு நண்பர் மனமுவந்து பரிந்துரைத்தார். லயமும் வரிசை வீடுதானே என்பது அவர் வாதம். பெட்டியைத் திறந்தால் இரண்டு மாடி, செங்கல் சுவர், வீட்டுக்கு வீடு புகைபோக்கி, வாசலில் பூச்சட்டி. மாடியை வெட்டி எறிந்து, செங்கல்லை மறைத்துச் சுண்ணாம்பு பூசி, ஓட்டைப் பிய்த்துத் தகரம் வைத்தால் கிட்டில் மிஞ்சுவது ஒட்டியவன் உழைப்பு மட்டும்தான்.

கிட் உண்மையாகவே கைகொடுப்பது ரயில் நிலையத்துக்கு. நம் மலைநாட்டு நிலையங்களைக் கட்டியவர்களின் கண்ணில் இங்கிலாந்துக் கிராம நிலையம் இருந்திருக்கிறது. கூரை ஓரத்துப் பல்வெட்டுப் பலகை, மேடைமேல் நீட்டிய கொட்டகை, கைகாட்டி மரம், நீர்த்தொட்டி எல்லாம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பெயர்ப்பலகையை மும்மொழியில் எழுதி ஒட்டி, புகைபோக்கியைக் கழற்றினால் பாதி வேலை முடிந்தது. கைகாட்டி மரத்தைக் கையால் செய்வதாகச் சபதம் எடுக்க வேண்டாம். வாங்கிவிடுங்கள்.

அட்டை

பிரிஸ்டல் போர்ட், பிஸ்கட் பெட்டி, பைண்டர் கம், கழற்றிப் போடும் அலகுக் கத்தி, இரும்பு அடிமட்டம். பள்ளிக்கூட வாசல் கடையில் முழுவதும் கிடைக்கும். நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு செய்யலாம். பிழைத்தால் இன்னொரு தாள்.

எதிரி ஒன்றுதான்: நம் காற்று. என் முதல் லயம் அட்டையில் செய்தது. மே மாதம் முடித்தேன். ஜூலை மழையில் கொட்டகலை எப்படி இருக்கும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உடுப்பு காயாது, உப்பு கரைந்து நிற்கும், புத்தக அட்டை தானாக விரியும். ஒரு காலை பார்த்தால் லயத்தின் பின்சுவர் வயிறு தள்ளி நின்றது. உட்புறத்தில் பூஞ்சணம். அம்மாயி சொன்ன கூரை ஒழுகவில்லை, சுவரே ஒழுகியது.

பிழை அட்டையிடம் இல்லை, என்னிடம். பசையின் ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அட்டை வளையும். வெளிப்புறத்தை வண்ணம் பூசி மூடிவிட்டு உட்புறத்தை வெறுமனே விட்டால் அந்தப் பக்கம் காற்றிலிருந்து ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது முறை நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அகராதிகளின் கீழே இரண்டு இரவு வைத்து, வெட்டிய பிறகு ஓரம் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசினேன். அது இரண்டு மழைக்காலம் தாண்டி நிற்கிறது. பதுளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவைப்படாது. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தவர்கள் வார்னிஷ் இல்லாமல் அட்டையைத் தொடவேண்டாம்.

பிளாஸ்டிக் தகடு

ஸ்டைரீன் தகடு ஈரத்தைக் கண்டு அசையாது. கத்தியால் ஒரு கோடு கீறி மடித்தால் நேராக முறியும். கரைப்பான் தொட்டால் நொடியில் ஒட்டும். தொழிற்சாலைச் சுவர் போன்ற நீண்ட, நேரான பரப்புகளுக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். தபால் செலவும் சுங்கமும் சேரும்போது பொருளின் விலையை மறந்துவிடுவீர்கள். உள்ளூரில் பெயர்ப்பலகைக் கடைகளில் மிஞ்சும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். அவை பெரும்பாலும் வேறு வகைப் பிளாஸ்டிக். ஸ்டைரீன் கரைப்பானுக்கு ஒட்டாது, சூப்பர் குளூதான் கதி.

இலவசமாகக் கிடைக்கும் ஸ்டைரீன் ஒன்று நம் குப்பைக்கூடையில் இருக்கிறது. யோகட் கோப்பை. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று பொறித்திருந்தால் அது ஸ்டைரீன். பக்கச் சுவரை வெட்டி விரித்தால் மெல்லிய தகடு. யன்னல் சட்டம், கதவுப் பலகை, கூரை ஓரப் பட்டை எல்லாம் வரும். என் லயத்தின் கதவுகள் ஆறும் ஆறு யோகட்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பெரிய தகடுகளை முழுப் பரப்பும் ஒட்டிக் கனமாக்கினால் உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் தகட்டைத் தின்று வளைக்கும். உள்பக்கத் தகட்டில் நெடுகச் சிறு துளைகள் போட்டுவிடுங்கள்.

அச்சும் லேசரும்

முப்பரிமாண அச்சு வந்த பிறகு இந்தப் பொழுதுபோக்கில் கத்திக்கு வேலையில்லை என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் நம்பினேன். லயத்தைக் கணினியில் வரைந்து அச்சிட அனுப்பினேன். வந்த பொருளின் சுவரெங்கும் படிக்கட்டு. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் இயந்திரத்தில் ஒரு அடுக்கு 0.2 மி.மீ. என்றால் நிஜ அளவில் 15 மி.மீ. தடிப்புள்ள பட்டைகள்; சுண்ணாம்புச் சுவர் மரப்பலகைச் சுவர் போலத் தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த நேரத்தில் அட்டையில் இரண்டு லயம் கட்டியிருப்பேன்.

திரவத்தை ஒளியால் இறுக்கி அடுக்கும் ரெசின் அச்சு வேறு சாதி. 0.05 மி.மீ. அடுக்கு, கண்ணுக்குக் கோடு தெரியாது. பெட்டிச் சக்கரக்கூடு, பிரேக் பிடி, விளக்கு, தண்ணீர்க் குழாய் போன்றவற்றுக்கு அதுவே அரசன். ஆனால் நுவரெலியாவில் வீட்டில் வைத்து அச்சிட நினைப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். குளிரில் ரெசின் பாகு போல இறுகும். 20 பாகைக்குக் கீழே அடுக்குகள் சரியாக ஒட்டாமல் பாதியில் கழன்று விழும். நுவரெலியாவின் சராசரி வெப்பமே 16 பாகையை ஒட்டியது. இயந்திரத்துக்குப் போர்வை போர்த்தி உள்ளே மின்குமிழ் எரியவிட்டவரை எனக்குத் தெரியும். இதோடு கையுறை, ஆல்கஹோலில் கழுவுதல், புறஊதா விளக்கில் காயவைத்தல், நாற்றம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். வரைந்து அனுப்பி அச்சிட்டு வாங்குவது மேல்.

ஸ்டோரின் கதை வேறு. தேயிலைத் தொழிற்சாலைக்கு ஏன் அத்தனை யன்னல்? கொழுந்தை வாட்டுவது மேல்மாடிகளில். பறித்த இலையின் ஈரம் போகப் பல மணிநேரம் காற்று வேண்டும். அதற்குத்தான் மாடி மாடியாக யன்னல் வரிசை. நான் வரைந்த ஸ்டோருக்கு நான்கு மாடி, மாடிக்கு 16 யன்னல், ஆக 64. ஒரு யன்னலைக் கத்தியால் ஒழுங்காக வெட்டக் கால் மணிநேரம். பதினாறு மணிநேரம் வெட்டிய பிறகும் பதினேழாவது யன்னல் பதினெட்டாவதோடு கோணலாக நிற்கும். மனிதக் கை 64 முறை ஒரே மாதிரி வெட்டாது.

கண்டியில் திருமண அட்டையும் விருதுப் பலகையும் வெட்டும் லேசர் கடைகள் இருக்கின்றன. கோட்டுப் படம் கொடுத்தால் மெல்லிய அட்டையில் நாலு சுவரையும் அரை மணிநேரத்துக்குள் வெட்டித் தருவார்கள். ஓரம் கருகியிருக்கும், வண்ணத்தில் மறையும். லேசர் தின்னும் தடிப்பு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை என்பதை வரையும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் துளைக்குள் செருகும் சட்டம் ஆடும். ஒரு பொருள் பலகையில் பத்துமுறைக்கு மேல் வருமானால் இயந்திரத்துக்குக் கொடுங்கள். இரண்டு மூன்று முறைதான் என்றால் கையால் செய்யுங்கள். இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நூற்றைம்பதடி ஸ்டோரை முழுதாகக் கட்டினால் 60 சென்ரிமீற்றர் நீளம், பலகையில் பாதி. முன்சுவரை மட்டும் கட்டி, பின்புறத்தை இரண்டு விரற்கடையில் வெட்டிப் பலகையின் பின்விளிம்போடு ஒட்டிவிட்டேன். பார்ப்பவர் யாரும் பின்னால் போய் எட்டிப் பார்ப்பதில்லை.

கூரை

இனி அந்தத் தகரம். வளைவுத் தகரத்தை அச்சிட்டால் ஓரம் தடிப்பாக, ரொட்டித் துண்டு போல இருக்கும். அச்சிட்ட தாளை ஒட்டினால் தட்டையாக, பொய்யாக இருக்கும். அலைத் தகடு வெளிநாட்டில் விற்கிறார்கள். ஒரு லயத்துக்குச் சரி, ஒரு ஸ்டோருக்கு வாங்கினால் மாதச் சம்பளம் போய்விடும்.

விடை கிடைத்தது ஹட்டன் ஹாட்வெயார் கடையில். பழைய தகரத்தில் ஒரு அலையிலிருந்து அடுத்த அலைக்கு மூன்று அங்குலம், 76.2 மி.மீ. ஓஓவில் அது சரியாக 1 மி.மீ. எம்-6 போல்ட்டின் புரிக்குப் புரி இடைவெளியும் சரியாக 1 மி.மீ. எச்ஓக்காரர்களுக்கு எம்-5, அதன் இடைவெளி 0.8. N அளவுக்கு எம்-3, அரை மில்லிமீற்றர். முழுநீளமும் புரி வெட்டிய கம்பியாகக் கேளுங்கள். நம் கடைகளில் கால் அங்குலப் போல்ட்டை எடுத்துத் தந்து இதுவும் அதுவும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. அதில் அங்குலத்துக்கு 20 புரி, இடைவெளி 1.27 மி.மீ.; அலை பெருத்துப்போகும்.

தகரத்துக்கு ஈயத்தாள், அதாவது அலுமினியத்தாள். சமையலறைச் சுருள் மிக மெல்லியது, கை பட்டாலே நசுங்கும். சாப்பாட்டுத் தட்டுகள் செய்யும் தடித்த அலுமினியம் நல்லது. எனக்கு வேறொன்று அகப்பட்டது. ஸ்டோரில் வேலை செய்த எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி துணி போட்டு வைத்திருந்தது. காகிதச் சாக்கு வருவதற்கு முன்பு தேயிலை அந்த ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான் கப்பல் ஏறியது. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். பெரியம்மாவிடம் கேட்டு உரித்துக்கொண்டேன்.

சைக்கிள் டியூபை அறுத்து விரித்து, அதன்மேல் ஈயத்தாளை வைத்து, புரிக்கம்பியை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி ஒரே ஓட்டமாக உருட்ட வேண்டும். திரும்ப வரக்கூடாது, வந்தால் கோடு இரட்டிக்கும். ரொட்டி உருட்டுவது போல மெதுவாக. பத்து சென்ரிமீற்றர் கம்பியில் நூறு அலை ஒரே தடவையில் விழும். புரி சரிவாக ஓடுவதால் அலைக்கோடுகள் தாளின் விளிம்புக்கு நேராக இராமல் மூன்று பாகை சாய்ந்திருக்கும். முதல் தடவை இதை அறியாமல் விளிம்பை நம்பி வெட்டினேன். கூரை முழுவதும் மழை ஒரு பக்கமாகச் சரிந்து ஓடுவது போலிருந்தது. அடிமட்டத்தை அலையோடு வைத்து வெட்டுங்கள், விளிம்பை மறந்துவிடுங்கள்.

பெரிய தாளாக ஒட்டாமல் தகரம் தகரமாக வெட்டினால்தான் உயிர் வரும். எட்டடித் தகரம் 32 மி.மீ. நீளம், இருபத்தாறு அங்குல அகலம் 9 மி.மீ. கீழ்வரிசையை முதலில் ஒட்டி மேல்வரிசை அதன்மேல் 2 மி.மீ. ஏறும்படி வைக்கவேண்டும், நிஜத் தகரம் அடிப்பது போலவே. துருவுக்குக் கடை வண்ணம் தேடவேண்டாம். கழற்றிப் போட்ட உண்மையான தகரத்தைச் சுரண்டி, நைலோன் காலுறையில் சலித்த தூளை மங்கல் வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது தூவினேன். துருவுக்குத் துருவின் நிறத்தை விட வேறெந்த நிறமும் பொருந்துவதில்லை. ஆறு காம்பராக்களுக்குக் கூரை போட இரண்டு சனிக்கிழமைகள் போயின. இந்த ஒரு வேலைக்கு, நான்கு வழிகளிலும் கையால் செய்வதற்கு நிகரில்லை.

செடியும் ஆட்களும்

தேயிலைச் செடி மூன்றடி உயரம், ஓஓவில் 12 மி.மீ.; மேலே தட்டையாக, கொழுந்து பறித்த மட்டத்தில். பச்சை நிறப் பாத்திரத் தேய்ப்பானைக் கத்தரியால் துண்டுபோட்டுப் பிய்த்துவிட்டால் அருகிலிருந்தும் செடிதான். வெளிநாட்டுப் புதர்ப் பொதி வாங்குவது வீண். நடுவில் நிழலுக்குச் சில்வர் ஓக் எனும் சவுக்கு மரம், மெல்லிய கம்பியை முறுக்கித் தும்பு ஒட்டி. மண்ணுக்குத் தேயிலைத் தூள் தூவலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கேட்டால் வறுத்துவிட்டுத் தூவுங்கள். பூஞ்சணம் மறுபடி வரும்.

ஆட்கள்தான் சிக்கல். ஓஓவில் கிடைக்கும் பெண் உருவங்களுக்குப் பாவாடையும் தொப்பியும். ஐந்தடிப் பெண் 20 மி.மீ. உயரம். தொப்பியை அரிந்து, இடுப்புக்குக் கீழே எபொக்சிப் பசையால் சேலைக் கொசுவம் வைத்து, முதுகில் கூடை தொங்க நெற்றியிலிருந்து ஒரு தையல் நூல் கயிறு போட்டேன். எட்டுப் பேர் செய்ய ஒரு மாதம். ரெசினில் அச்சிட்டால் எட்டும் ஒரே முகம், ஒரே கை நீட்டல். பத்துக்கு மேல் என்ற என் விதியை இங்கே மட்டும் நானே மீறுவேன். இருபது பேர் தேவையென்றாலும் கையால்தான்.

ஆக என் பலகையில் நிலையம் வாங்கி மாற்றியது. ஸ்டோர் லேசர் வெட்டு. லயம் அட்டைச் சுவர், ஈயத்தாள் கூரை, யோகட் கதவு. சக்கரக்கூடு N அளவிலிருந்து. பெட்டிகளின் அடிப்பாகம் அச்சிட்டு வாங்கியது. காசு குறைவு, நேரம் உண்டு என்பவர் அட்டையிலேயே முழுவதையும் முடிக்கலாம். கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறவர், கை வேலைக்கு நேரமில்லாதவர், லேசருக்குச் சுவரை வரைந்து கொடுத்துவிட்டுக் கூரையை மட்டும் தானே செய்யட்டும். முழு லயத்தையும் அச்சிட்டு வாங்குவதைத்தான் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

முடித்ததும் படம் எடுத்துக்கொண்டு அந்த அம்மாயியிடம் போனேன். கைப்பேசியைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். கூரை நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "கல் வைக்கவில்லையே தம்பி, காற்றுக்குத் தகரம் பறக்குமே" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய காம்பராவின் மேல் ஏழு கற்களும் ஒரு பழைய டயரும் இருந்தன. ஆற்று மணலில் பெரிய பரல்களைப் பொறுக்கி, காம்பராவுக்கு ஏழாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். 1940களில் டயர் வைத்திருப்பார்களா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.